கப்பலில் சுத்தபோசனம்

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று மாலை பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். கீழே கிடங்கு நிறைய சோயா, மேலே இருபது பேர். தென்னாப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வங்காளதேசம் போக வேண்டும். ஐந்து வாரம் என்கிறார்கள். கப்பல்காரன் சொல்லும் ஐந்து வாரமும் கல்யாண வீட்டில் சொல்லும் ஐந்து நிமிடமும் ஒன்றுதான்.

புது நோட்டு. இருபத்தெட்டு வருடமாக ஏறிய ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நோட்டு எழுதுகிறேன். என்ன சமைத்தேன், யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். லிகோரியான் மச்சாது, தலைமைச் சமையல்காரன், தூத்துக்குடி. இங்கே எல்லாரும் பேசுவது உடைந்த இங்கிலீஷ். நான் எழுதுவது தமிழ். ஆகவே இந்த நோட்டில் பிலிப்பைன்ஸ்காரனும் எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசுவான். பிடிக்காவிட்டால் அவன் தனி நோட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

மதியம் சோறு, சாம்பார், மாட்டுக்கறி வறுவல். மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் ரொடெல், "குக்கு, இது கறியா கொள்ளிக்கட்டையா?" என்றான். கேப்டன் கியோர்கி ஜார்ஜியா நாட்டுக்காரர், பேச்சுக் குறைந்த மனிதர். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். எலெக்ட்ரீஷியன் சித்திரைவேல் நம் பக்கத்து ஆள், உடன்குடி. "அண்ணாச்சி, பெருங்காயத்த டப்பாவோட போட்டுட்டியளோ?" என்று கேட்டான்.

நாக்கில் பலமில்லாத கூட்டம். காரம்தான் ருசி. மற்றதெல்லாம் வாசனைப் பகட்டு.

ஊரிலிருந்து மனைவி ஜெனோவா போனில் கூப்பிட்டாள். "சரியாயிட்டா, இல்லியா?" என்றாள்.

"எது?"

"அதாங்க, கிறிஸ்மஸ் காய்ச்சலுக்குப் பெறவு..."

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் போனால் இறைச்சி அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. உள்ளே ஒன்பது டிகிரி. பனிக்கட்டியாக இருக்க வேண்டிய அறை. சித்திரைவேல் ஓடி வந்து அரைமணியில் சரிசெய்தான். எத்தனை மணி நேரம் நின்று கிடந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, அலாரம் அடிக்கவில்லை.

"மேல்தட்டுக் கோழி எல்லாம் எளகிட்டு. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. சந்தேகம்னா கேப்டன்ட்டச் சொல்லிக் கடல்ல தட்டிருவோம்."

மோந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இறைச்சிச் சோதனைச் சீட்டில் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பதால் இரவுக்கே கோழி. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். சாந்தோஸில் வாங்கிய சின்ன மிளகாயை அரைத்துப் புரட்டினேன். எல்லாரும் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏழு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ரொடெலுக்கு ரொம்ப மோசம்.

பிப்ரவரி 14, சனி

கஞ்சி. உப்புத் தண்ணீர். கஞ்சி. ரொடெலின் கண் உள்ளே போய்விட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினேன். "குக்கு, நான் செத்தா எங்கம்மாவுக்கு யாரு சொல்லுவா?" என்றான். "வாயை மூடிக்கிட்டுக் குடி" என்றேன். அடுத்த கரண்டியை நீட்டினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ரொடெல் ஒரு ரொட்டி தின்றான். மாதாவே, உனக்கு ஸ்தோத்திரம்.

கேப்டன் விசாரணை வைத்தார். "காலையில் கறி நன்றாக இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார். "இருந்தது சார்" என்றேன். காலையில் நன்றாக இருந்த கறி மாலையில் கெட்டிருந்தால், இடையில் அறை மறுபடியும் நின்றிருக்க வேண்டும், எலெக்ட்ரீஷியன் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினார். கப்பல் பதிவேட்டில் சித்திரைவேல் பெயரில் எச்சரிக்கை ஏறியது. மீதி இறைச்சி முழுவதும் கடலுக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "நான் ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பாத்தேன் அண்ணாச்சி. ஓடிட்டுத்தான் இருந்துது. பாத்தேம்லா? இல்ல, முந்தின நாளுப் பாத்ததைச் சொல்லுதனா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். மெஷின் விஷயம் எனக்கென்ன தெரியும்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

மெஸ் அறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: தவக்காலம் நாற்பது நாளும் சுத்தபோசனம். மாமிசம் விலக்குவதற்கு எங்கள் கோயில் வழக்கில் அதுதான் பெயர். ஊரில் ஜெனோவா வருடா வருடம் நேர்ந்துகொள்வாள். வழக்கமாக நான் அவளைக் கேலிசெய்துகொண்டே சீலாமீன் தின்பவன். இந்த வருடம் எனக்கும் பக்தி வந்துவிட்டது. ஏழு பேர் பிழைத்ததற்கு நேர்ச்சை என்றேன். யாரால் மறுக்க முடியும்?

எண்ணெய் போடும் வேலைக்காரன் தெஸ்பாய் எத்தியோப்பியா நாட்டவன். அவனும் சிலுவைக்காரன்தான், ஆனால் வேறு சபை. கையை உயர்த்தினான். "எங்க ஊர்ல நோன்புன்னா பால், முட்டை, வெண்ணெயும் கெடையாது. அம்பத்தஞ்சு நாளு. நான் திங்கக்கிழமையே தொடங்கிட்டேன்."

அப்படியா, அதுவும் நல்லதுதான் என்றேன். முட்டையையும் தட்டோடு கடலில் போட்டேன். முட்டை ஒரு நம்பிக்கைத் துரோகி, உடைத்தால்தான் தெரியும், சிலருக்கு உடைத்தாலும் தெரியாது. பருப்பு அப்படியில்லை. கெட்டால் பூச்சி ஓடும், கண்ணுக்குத் தெரியும்.

ரொடெல் மேசையைத் தட்டினான். "அப்ப நாங்க சுக்கானைக் கடிச்சித் திங்கவா?"

கேப்டன் எழுந்தார். அவர் சபைக்கும் வருகிற திங்கள் முதல் நோன்பாம். "ஈஸ்டர் வரைக்கும் சரி. ஆனால் இது மடம் இல்லை, கப்பல். ஒருத்தன் பசியோடு எழுந்தாலும் அடுத்த சாமான் படகில் இறைச்சி வந்துவிடும். ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி." சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் ஐந்து வரை நேரம் இருக்கிறது. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒவ்வொருவன் ஊர் நோன்புச் சாப்பாட்டையும் செய்து போடுவது என்று முடிவு. முதலில் தெஸ்பாய். அவன் ஊரில் வறுத்த கடலைமாவை மிளகாய்ப்பொடி போட்டுக் களி மாதிரி கிண்டுகிறார்கள், ஷிரோ என்று பெயர். அதற்கு ஒரு மசாலாப்பொடி: மிளகாய் வத்தல், இஞ்சி, வெந்தயம், ஏலம், கிராம்பு, ஓமம், எல்லாம் வறுத்து இடிக்க வேண்டும். தொட்டுத் தின்பது இன்ஜெரா என்ற புளிச்ச தோசை. அவன் ஊர்த் தானியம் இங்கே ஏது? கேழ்வரகு மாவை இரண்டு நாள் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தேன். நம் ஆப்பத்துக்கு அக்கா மகள் என்று சொல்லலாம்.

வறுக்கும்போது தெஸ்பாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன், பேச்சுத்துணைக்கு. வெந்தயத்தைப் போட்ட கொஞ்ச நேரத்தில் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சட்டியை அவனே நகர்த்தினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றான்.

பத்தொன்பது பேர் சாப்பிட்டார்கள். ரொடெல் வெறும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரொடெலைப் பிடித்து உட்கார வைத்தேன். "உங்கம்மா நோன்பு வெள்ளிக்கிழமை என்னல செய்வாங்க?"

முதலில் முறைத்தான். பிறகு சொன்னான். அவன் ஊர் பீகோல். பிலிப்பைன்ஸிலேயே காரம் தின்கிற ஊராம், வாசலிலேயே மிளகாய்ச் செடி நிற்குமாம். பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் போட்டு, பச்சை மிளகாயைக் கை நிறைய அள்ளிப்போட்டு, பால் எண்ணெயாகப் பிரியும் வரை வற்றவைப்பார்கள். கருவாட்டு ருசிக்குக் கொஞ்சம் இறால் விழுது. அதற்குப் பதில் நான் புளித்த சோயா விழுது போட்டேன். டின் பலாக்காய் நான்கு இருந்தது.

போனில் அவன் அம்மாவையே கூப்பிட்டுவிட்டான். அந்தம்மா அடுப்பைக் காட்டச் சொல்லி, "இன்னும் வத்தணும், இன்னும் வத்தணும்" என்று என்னை அரைமணி விரட்டினார்கள். இருபத்தெட்டு வருட அனுபவசாலியை! கடைசியில் ரொடெல் தட்டை வழித்து நக்கினான். கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்னாப்பிரிக்கக் கரைக்கு வெளியே வரப்போகும் சாமான் படகுக்கு அவர் எழுதிய பட்டியலில் இறைச்சி இல்லை.

மார்ச் 2, திங்கள்

கேப்டனுக்கு லோபியோ. சிவப்பு ராஜ்மாவைக் குழைய வேகவைத்து, இடித்த அக்ரூட்டு, கொத்தமல்லி, பூண்டும் வத்தலும் உப்பும் சேர்த்து அரைத்த சிவப்பு விழுது. அந்த விழுதுக்கு அட்ஜிகா என்று பெயர். நம் மிளகாய்ச் சட்னிக்குச் சளைத்தது இல்லை. கேப்டன் ஒரு வாய் வைத்தார், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். காரமோ என்று பயந்துவிட்டேன். "என் பாட்டனார் வீட்டு மேசை" என்றார். அவ்வளவுதான். மறுபடி வந்து உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அது சூடான மாவு மாதிரி இருந்தது. உப்பு இருந்தது, உறைப்பு இருந்தது. போதும்.

மார்ச் 6, வெள்ளி

மூன்றாவது ஆபீசர் சிச்சுவான் பக்கத்துச் சீனர். பெட்டியிலிருந்து அவர் ஊர் மிளகு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். டோஃபு என்கிற சோயாக்கட்டியை, அவரைப்பருப்பும் மிளகாயும் புளிக்கவைத்த விழுதில் கொதிக்கவிட்டு, மேலே அந்த மிளகைப் பொடித்துத் தூவினேன். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கு முழுக்க எறும்பு ஊர்ந்தது, உதடு மரத்தது. இத்தனை நாளுக்குப் பிறகு வாய்க்குள் ஏதோ நடக்கிறதே என்று சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு இன்னும் ஐந்தாறு போட்டு மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகினால்தான்.

மார்ச் 15, ஞாயிறு

வங்காளதேசத்துக் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டாயிற்று. எங்களுக்கு முன்னால் முப்பது கப்பல் வரிசையில் நிற்கிறது. மூன்று வாரமாவது கிடக்க வேண்டும்.

சித்திரைவேல் மெலிந்துவிட்டான். இறைச்சி அறை இப்போது காலி, வெறும் காய்கறிதான், அதற்கும் ஒரு நாளைக்கு எட்டு முறை வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துச் சின்ன நோட்டில் எழுதுகிறான். எழுதியதைப் போனில் படமும் எடுத்துக்கொள்கிறான். "எதுக்குல படம்?" என்றேன்.

"எழுதினது நெசந்தானான்னு பெறவு எனக்கே சந்தேகம் வருது அண்ணாச்சி. என் தலையை என்னால நம்ப முடியல. அன்னிக்கு ரெண்டு மணிக்குப் பாத்தது கண்ணு முன்னாலயே நிக்கி. ஆனா கறி கெட்டுல்லா போச்சு?"

தட்டில் இன்னும் கொஞ்சம் கொள்ளுத் துவையல் வைத்தேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 19, வியாழன்

சூசையப்பர் திருநாள். பருப்புப் பாயசம், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும். மதியம் கேப்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்: ஒரு துண்டு இறைச்சி இல்லாமல் ஐந்து நாட்டு ஆட்களை ஒரே மேசையில் திருப்திப்படுத்தியவர், தன் பணிக்காலத்தில் கண்ட சிறந்த சமையல்காரர், இன்னும் என்னென்னவோ. ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். கையைக் குலுக்கினார்.

படி இறங்கி வந்தால் சித்திரைவேல் நிற்கிறான். அவனுக்கும் கம்பெனிக் கடிதம் வந்திருந்தது. பெரிய கப்பலில் அதிகாரி வேலைக்கு நான்கு வருடமாகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். எச்சரிக்கை பதிவாகியிருப்பதால் இப்போதைக்குப் பரிந்துரைக்க இயலாது என்று வந்திருக்கிறது.

"வுடுங்க அண்ணாச்சி. ஏழு பேரு சாவக் கெடந்தாங்க. எனக்கு இது கம்மிதான்" என்றான். என் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வாழ்த்தும் சொன்னான். மனசாரச் சொன்னான்.

பாயசத்தை நான் சாப்பிடவில்லை.

மார்ச் 25, புதன்

ஜெனோவாவிடம் பேசினேன். நானாக ஆரம்பித்தேன், "ஏட்டி, ஒருத்தன் பழியை இன்னொருத்தன் சுமந்தா..."

"யாரு பழியை யாரு?"

"சும்மா கேட்டேன். கோயில்ல பிரசங்கத்துல சொன்னாங்க."

"நடுக்கடல்ல எந்தக் கோயிலுங்க?" என்றாள். பிறகு, "மூக்கைப் பத்திக் கேட்டா போனை வச்சிருதிய. நான் என்ன ஊருக்கா சொல்லப் போறேன்?" என்றாள்.

இந்த முறை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலைக்கு எங்கே போக? ரொடெல் வெங்காயத்தாளில் சிலுவை மடித்துக் கதவில் சொருகினான்.

கேப்டனிடம் போய், உங்கள் சபைக்கும் தெஸ்பாய்க்கும் ஈஸ்டர் பன்னிரண்டாம் தேதிதானே, எல்லாருமாகச் சேர்ந்து அதுவரை நோன்பு இருக்கலாமே என்றேன். ஒரு வாரம் கிடைத்தாலும் லாபம். அவர் சிரித்தார். "நீ ஒரு புனிதன், குக். ஆனால் ரொடெல் ஆட்கள் உன் ஈஸ்டரைத்தான் கொண்டாடுகிறார்கள். சனிக்கிழமை ஆட்டுக்கறி வருகிறது."

புனிதனாம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஊரில் இந்நேரம் சிலுவைப்பாதை நடக்கும். அதற்கு முன்பே பாவசங்கீர்த்தனம் முடித்திருப்பார்கள். கப்பலில் சாமியார் கிடையாது. நோட்டில் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு வந்த காய்ச்சலில் என் மூக்கு செத்துவிட்டது. திரும்ப வரவேயில்லை. கருவாட்டைச் சுட்டாலும் தெரியாது, மல்லிகையை முகத்தில் வைத்தாலும் தெரியாது. கப்பல் ஏறும் முன் கண், காது, இரத்தம், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். மூக்கை யார் பார்க்கிறார்கள்? நானும் சொல்லவில்லை. சொன்னால் சமையல்காரனாக எவன் ஏற்றுவான்? எனக்கு வேறு ஒரு தொழிலும் தெரியாது. உறைப்பும் உப்பும் புளிப்பும் மட்டும் நாக்குக்குத் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக ஊரை ஏமாற்றுகிறேன்.

அன்று அந்தக் கோழியை மூக்கருகே கொண்டுபோனேன். மோந்து பார்ப்பது மாதிரி செய்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது, தோலில் வழுவழுப்பு. மூன்று தண்ணீரில் கழுவியது அதற்காகத்தான். அத்தனை மிளகாய் போட்டதால் வாடை யாருக்கும் எட்டவில்லை.

சித்திரைவேல் இரண்டு மணிக்கும் பார்த்தான், நாலு மணிக்கும் பார்த்தான். அறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் நான் 'நலம்' என்று எழுதும்போதே கறி கெட்டுப்போயிருந்தது.

சுத்தபோசனம் பக்தியால் இல்லை. இறைச்சியைத் தொட எனக்குப் பயம். பருப்பும் பயறும் காயும் கண்ணுக்குப் பொய் சொல்லாது என்று அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆண்டவரின் பாடுகளைத் திரைச்சீலையாகக் கட்டிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

எழுதிவிட்டேன். ஆனால் இது யாருக்குப் போய்ச் சேரும்? நோட்டு எனக்குப் பாவமன்னிப்புத் தருமா? அவன் இன்று காலையும் தெர்மாமீட்டரைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 4, சனி

படகு பத்து மணிக்கு வந்தது. இன்று காலையில் வெட்டிய ஆட்டுக்கறி, ஐஸ் பெட்டியில். மேல்தளத்தில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். ரொடெல் பாட்டே பாடினான்.

கேப்டன் கையில் சீட்டோடு நின்றார். "இனிமேல் இரண்டு கையெழுத்து. முதலில் குக் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் எலெக்ட்ரீஷியன் அறையின் குளிரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிறகு யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை."

பெட்டியைத் திறந்தேன். சிவந்த கறி, அழுத்தினால் கெட்டியாக இருந்தது. நல்ல கறி மாதிரிதான் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

சித்திரைவேல் என் காதருகே வந்து, "அண்ணாச்சி, ரெண்டு தடவ மோந்து பாத்துருங்க. எனக்காவ" என்றான்.

என்னால் முடியவில்லை. பேனாவைப் பெட்டிமேல் வைத்தேன்.

"கேப்டன், எனக்கு மூக்கில் வாசனை தெரியாது" என்றேன். இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சித்திரைவேலைப் பார்த்துத் தமிழிலும் சொன்னேன். "கிறிஸ்மஸ்லேருந்து எனக்கு ஒரு வாடையும் தெரியாதுல. அன்னிக்கு நான் மோந்து பாக்கல. பாத்தா மாதிரி நடிச்சேன். கறி காலையிலயே கெட்டுருந்துச்சி. நீ சரிபண்ணின பெறவு உன் ரூம்பு நிக்கவே இல்ல."

பாட்டு நின்றது. கேப்டன் பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, தானே அந்தக் கறியை மோந்து பார்த்து, தானே கையெழுத்துப் போட்டார். "என் அறைக்கு வா."

அறையில் அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இருபது பேரின் வயிற்றை வைத்துச் சூதாடியிருக்கிறாய்" என்றார். "ஆமாம் சார்" என்றேன். பதிவேட்டைத் திறந்து, எச்சரிக்கைக்குக் கீழே சிவப்பு மையில் திருத்தம் எழுதி, என்னையும் கையெழுத்துப் போடவைத்தார். கம்பெனிக்கு இரண்டாவது கடிதமும் எழுதினார், சித்திரைவேலுக்கு ஒன்று, என்னைப் பற்றி ஒன்று. கரை சேர்ந்ததும் நான் இறங்கி டாக்டரைப் பார்க்க வேண்டும், அங்கிருந்து வீடு. மறுபடி கப்பல் உண்டா என்பது அவர் கையில் இல்லை.

வெளியே வந்தால் சித்திரைவேல் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஆட்டுக்கறியை ரொடெல் சமைத்தான், நான் வெங்காயம் மட்டும் அரிந்தேன். அரிந்துகொண்டிருக்கும்போது அவன் சொன்னான், "மூணு நாளு என்னைச் சாகப் போட்டவனும் நீதான். கரண்டியால ஊட்டினவனும் நீதான். எங்கம்மா சமையலைக் கப்பல்ல செஞ்சவனும் நீதான். எதுக்கு அடிக்கணும், எதுக்குக் கும்பிடணும்னு எனக்கு வெளங்கல குக்கு." கொஞ்சம் கழித்து, "இன்னிக்கு ஈஸ்டர். நாளைக்கு யோசிக்கேன்" என்றான்.

தெஸ்பாய் தனக்கு முதலிலேயே தெரியும் என்றான். வெந்தயம் புகைந்த அன்றே தெரியுமாம். "பெறவு ஏம்லே சொல்லல?" என்றேன். "நீங்களே சொல்லுவியன்னு பாத்தேண்ணே" என்றான்.

சித்திரைவேல் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். "வீட்டுக்கு வாங்க" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

கேப்டனுக்கும் தெஸ்பாய்க்கும் இன்னும் ஆறு நாள் நோன்பு இருக்கிறது. கரையில் இறங்கும் வரை அவர்களுடைய பருப்பை மட்டும் நான் வேகவைக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று கேப்டன் உத்தரவு. தெஸ்பாய்க்கு இன்ஜின் அறையில் வேலை. ஆள் வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சித்திரைவேல்தான் வந்தான். ஷேவ் பண்ணியிருந்தான். இரண்டு நாள் நன்றாகத் தூங்கியது மாதிரி முகம் தெளிந்திருந்தது. கதவிலேயே நின்றான்.

"ஏசணும்னு வந்தேன்" என்றான்.

"ஏசுல" என்றேன்.

உள்ளே வந்து, அடுப்பு மேடையிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தான். சீரகம், மல்லிப்பொடி, எண்ணெய். எண்ணெய் டப்பாவை மட்டும் தள்ளி வைத்தான், சிக்கு வாடை அடிக்கிறதாம். எத்தனை நாளாக அதில் சமைத்தேனோ.

"ஏழு வாரம் அண்ணாச்சி. எனக்குப் புத்தி பெரண்டு போச்சோன்னு நெனைச்சேன். எம்பொண்டாட்டிக்கிட்ட, இனி கரண்டு வேலையே பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"மன்னிச்சிருல."

"அதை வுடுங்க. அது வரும்போது வரட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அன்னிக்கு நான் ஒங்க பக்கத்துலதான நின்னேன்? மூக்கு தெரியலல, நீ மோந்து பாத்துச் சொல்லுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சொல்லியிருப்பேம்லா? தெனமும்கூட வந்து நின்னுருப்பேனே. யாருக்குத் தெரியப் போவுது? ஒரு நிமிசச் சோலி அண்ணாச்சி அது."

நான் அழுதுவிட்டேன். ஆமாம். ஒரு நிமிட வேலைதான்.